ஹேக்கெட் என்ற சுரங்கத் தொழிலாளி ஏன் வெளியே வரவில்லை?

கேள்வி
எழுதியவர்: கம்மவான்பேட்டை பேரன்

அவையினர் அனைவருக்கும் வணக்கம்.

முதல் உலகப் போரில் இறந்த வில்லியம் ஹேக்கெட் என்ற ஆங்கிலேய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியைப் பற்றி எங்கள் ஊர் நூலகத்தில் அடுத்த மாதம் பேசவிருக்கிறேன். கம்மவான்பேட்டையில் படைக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது வேலூர்ப் பக்கத்து மக்களுக்குத் தெரிந்ததே. என் அப்பா வழியில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்காரர்கள். அம்மா வழியில் எல்லோரும் கோலார் தங்கவயலில் உழைத்தவர்கள். பாதி வாழ்க்கையைச் சுரங்கத்தில் கழித்துவிட்டுப் படையில் சேர்ந்து, அங்கேயும் சுரங்கத்துக்குள் இறங்கி, அதற்குள்ளேயே உயிரை விட்ட ஒரு மனிதரின் கதை இரண்டு பக்கத்து உறவினருக்கும் புரியும் என்று நினைத்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் திரட்டி வைத்திருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹேக்கெட் 1873 ஜூன் 11 அன்று நாட்டிங்ஹாமில் பிறந்தார். பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. யார்க்‌ஷர் பகுதிக்குப் போய் மெக்ஸ்பரோ என்ற ஊரில் குடியிருந்து, டெனபி மெயின், மேன்வர்ஸ் மெயின் ஆகிய நிலக்கரிச் சுரங்கங்களில் 23 ஆண்டுகள் வேலை செய்தார். மனைவி பெயர் ஆலிஸ். ஒரு மகன், ஒரு மகள். போர் தொடங்கியபோது யார்க் அண்ட் லங்காஸ்டர் படைப்பிரிவில் சேர மூன்று முறை முயன்றார், மூன்று முறையும் வயது அதிகம் என்று திருப்பி அனுப்பப்பட்டார். பிறகு 1915 அக்டோபரில், இதயக் கோளாறு இருந்த நிலையிலும், பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியியல் படையான ராயல் எஞ்சினியர்ஸின் சுரங்கப் பிரிவு அவரைச் சேர்த்துக்கொண்டது. பிரான்சில் ஜிவான்ஷி என்ற சிற்றூருக்கு அருகே 254ஆவது சுரங்கக் கம்பெனியில் பணியாற்றினார்.

1916 ஜூன் 22 விடியற்காலையில் ஜெர்மானியர்கள் அங்கே ஒரு பெரிய வெடிச்சுரங்கத்தை வெடிக்க வைத்தார்கள். அதன் அதிர்ச்சியில் ஹேக்கெட்டும் வேறு நால்வரும் வேலை செய்துகொண்டிருந்த சுரங்க வழி இடிந்து, ஐவரும் உள்ளே அடைபட்டார்கள். 20 மணி நேர உழைப்புக்குப் பிறகு சரிந்த மண்ணுக்கும் முறிந்த மரங்களுக்கும் இடையே ஒரு துளை உண்டாகி, வெளியே இருந்த மீட்புக் குழு அவர்களை எட்டியது. ஹேக்கெட் மூவரை அந்தத் துளை வழியாக வெளியே அனுப்பினார். நான்காமவரான தாமஸ் காலின்ஸ் பலத்த காயத்தோடு கிடந்தார். ஹேக்கெட் தானும் எளிதாக வெளியேறியிருக்கலாம். ஆனால், “நான் சுரங்கத் தொழிலாளி; மற்றவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்” என்று சொல்லி மறுத்துவிட்டார். துளை சுருங்கிக்கொண்டே வந்தது, கடைசியில் வழி முழுவதும் இடிந்து விழுந்தது. மேலும் நான்கு நாள் தோண்டியும் இருவரையும் அடைய முடியவில்லை. இறந்த பிறகு அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த போர் வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. பிரிட்டிஷ் சுரங்கக் கம்பெனிகளில் அந்த விருதைப் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

இனி என் கேள்விகள். முதலாவது, வயதும் உடல்நிலையும் சரியில்லை என்று தள்ளப்பட்ட ஒருவரை அதே ராணுவம் ஏன் மறுபடியும் ஏற்றுக்கொண்டது? ராணுவத்துக்கு நிலக்கரித் தொழிலாளியிடம் என்ன வேலை இருந்தது? இரண்டாவதுதான் எனக்கு முக்கியமானது. அவர் உள்ளேயே நின்றது படைவீரரின் கடமையுணர்வா, சுரங்கத் தொழிலாளியின் பழக்கமா? என் பெரியப்பா சுபேதாராக ஓய்வு பெற்றவர். அவர் முதலாவதைத்தான் சொல்கிறார். என் மாமா இரண்டாவதைச் சொல்கிறார். மூன்றாவது, அவர் உடல் எங்கே இருக்கிறது, பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது? வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், இவ்வூரிலிருந்து 277 பேர் அந்தப் பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கல்லில் எழுதியிருக்கிறது. அந்த 14 பேரின் பெயர் அங்கே இல்லை. அதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இந்த மூன்றாவது கேள்வியையும் கேட்கிறேன்.

மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற சாப்பர், காட்பாடி

தம்பிக்கு வணக்கம். நான் பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் கேள்விக்கு விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கதை தொடங்குவது இந்தியப் படைவீரர்களிடமிருந்துதான், இதை நம் ஊர்களில் யாரும் சொல்வதில்லை.

1914 டிசம்பர் 20 அன்று, இதே ஜிவான்ஷிக்கும் ஃபெஸ்டூபெர் என்ற ஊருக்கும் இடையிலிருந்த போர்முனையில், இந்தியப் படையின் சிர்ஹிந்த் பிரிகேட் நின்ற பதுங்குகுழிகளுக்கு அடியில் ஜெர்மானியர்கள் பத்துச் சிறிய சுரங்கங்களைத் தோண்டி வெடிமருந்து வைத்து வெடிக்க வைத்தார்கள். மேற்குப் போர்முனையில் பிரிட்டிஷ் தரப்பு மீது நடந்த முதல் பெரிய சுரங்கத் தாக்குதல் அதுதான். தலைக்கு மேல் வரும் குண்டுக்குப் பதுங்கத் தெரிந்த படை, காலுக்கு அடியிலிருந்து வருவதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தது. இந்தியச் சிப்பாய்கள் பட்ட அந்த அடிக்குப் பிறகுதான் பிரிட்டிஷ் ராணுவம் தனக்கென்று சுரங்கப் படை வேண்டும் என்று முடிவெடுத்தது.

அதை உருவாக்கியவர் ஜான் நார்ட்டன் கிரிஃபித்ஸ். நாடாளுமன்ற உறுப்பினர், பெரிய கட்டட ஒப்பந்தக்காரர். அவருடைய நிறுவனம் மான்செஸ்டர் நகரில் கழிவுநீர்க் கால்வாய்களுக்காகக் களிமண்ணைக் குடைந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு முறை வழக்கத்தில் இருந்தது. சாய்ந்த பலகையின் மேல் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களாலும் மண்வெட்டியை உதைத்து உள்ளே செலுத்தி மண்ணைப் பெயர்த்தெடுப்பார்கள். கடப்பாரையால் குத்தினால் எழும் ஓசை இதில் எழாது. எதிரி மண்ணுக்குள் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஓசையில்லாமல் தோண்டுபவனுக்குத்தான் உயிர் மிஞ்சும். போர் அமைச்சர் கிச்சனரின் அறையிலேயே நார்ட்டன் கிரிஃபித்ஸ் தரையில் படுத்து, கணப்படுப்புக்குக் கரி அள்ளும் கரண்டியைக் கொண்டு இந்த முறையைச் செய்து காட்டினார். 1915 பிப்ரவரி 17 அன்று ஊரில் வேலையை விட்ட 18 தொழிலாளர்கள், 21ஆம் தேதி ஜிவான்ஷியில் மண்ணுக்கடியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். துப்பாக்கி பிடிக்கவோ வணக்கம் வைக்கவோ அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க யாருக்கும் நேரமில்லை. பல ஆண்டு அனுபவம் அவர்கள் கைகளில் ஏற்கெனவே இருந்ததால், பயிற்சி அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

ஆகவே, 42 வயது ஹேக்கெட்டைக் காலாட்படை தள்ளியதிலும் சுரங்கப் படை அழைத்துக்கொண்டதிலும் முரண்பாடு இல்லை. காலாட்படைக்கு நடக்கவும் ஓடவும் கூடிய இளம் கால்கள் வேண்டும். சுரங்கப் படைக்கு வேண்டியது மண் எப்போது அசையும் என்று அறிந்த மனிதர். 23 ஆண்டுகள் நிலக்கரி வெட்டியவரின் அறிவை எந்த முகாமிலும் ஆறு மாதத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. சம்பளத்திலேயே இது தெரியும்: சாதாரணக் காலாட்படை வீரருக்கு நாளுக்கு ஒரு ஷில்லிங், தேர்ந்த சுரங்கத் தொழிலாளிக்கு ஆறு ஷில்லிங். 1916 நடுப்பகுதியில் ஏறத்தாழ 25,000 சுரங்கப் படையினர் இருந்தார்கள். பெரும்பாலோர் நிலக்கரி ஊர்களிலிருந்து தாமாக வந்தவர்கள். மண் மூட்டைகளைச் சுமக்கவும் காற்றுக் குழாய்க்குத் துருத்தி ஊதவும் அவர்களைவிட இரு மடங்கு எண்ணிக்கையில் காலாட்படையினர் அவர்களோடு இணைக்கப்பட்டிருந்தார்கள்.

இங்கே ஒரு செய்தியை நீங்கள் பேச்சில் தவறாமல் சொல்ல வேண்டும். காயப்பட்டுக் கிடந்த தாமஸ் காலின்ஸ் அப்படி இணைக்கப்பட்டவர். வெல்ஷ் ரெஜிமெண்டின் 14ஆவது பட்டாலியன், ஸ்வான்சி ஊர்க்காரர், வயது 22. ஹேக்கெட்டுக்கு அதற்குச் சில நாள் முன்புதான் 43 முடிந்திருந்தது. “நான் சுரங்கத் தொழிலாளி” என்று அவர் சொன்னதை இந்தப் பின்னணியில் கேளுங்கள். உள்ளே இருக்கும்வரை பட்டாலியன் எது, பதவி எது என்பதற்கு அங்கே இடமில்லை. தொழில் தெரிந்தவர் பொறுப்பு, தொழில் தெரியாதவர் அவர் பொறுப்பில் இருப்பவர்.

அந்த வேலையின் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வெடி வெடித்த பிறகு மண்ணுக்குள் தங்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால் கூண்டுகளில் கேனரிக் குருவிகளையும் வெள்ளைச் சுண்டெலிகளையும் கொண்டுபோனார்கள். மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்து, ஜியோஃபோன் என்ற கருவியைக் காதில் வைத்து, எதிரி எந்தத் திசையில் எவ்வளவு தொலைவில் தோண்டுகிறான் என்று கேட்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். தோண்டும் ஓசை கேட்கும்வரை பயமில்லை. ஓசை நின்று, மூட்டைகளை இழுத்து அடுக்கும் ஓசை தொடங்கினால் எதிரி வெடிமருந்து நிரப்புகிறான் என்று பொருள். இந்தப் படையின் உழைப்பு முழுமையாக வெளிப்பட்டது 1917 ஜூன் 7 அன்று. மெஸீன் குன்றுக்கு அடியில் 19 பெரிய வெடிச்சுரங்கங்கள் ஒரே விடியலில் வெடித்தன. ஹேக்கெட் அதைப் பார்க்கவில்லை.

மறுமொழி 2
எழுதியவர்: சாம்பியன் ரீஃப் மகள், குடியாத்தம்

கம்மவான்பேட்டைத் தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் மாமா பக்கம்தான் என் வாக்கு.

நான் பிறந்து வளர்ந்தது தங்கவயலில். என் தாத்தா குடியாத்தத்துக்கு அருகிலிருந்து மேஸ்திரி ஒருவரின் பின்னால் போனவர். அந்தக் காலத்தில் வட ஆர்க்காட்டிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு; ஜோலார்பேட்டையில் ஏறி, பங்காருபேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் கிளை ரயிலைப் பிடித்தால் முடிந்தது. என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மரம் அடிக்கும் வேலையில் இருந்தார். அதாவது, வெட்டி எடுத்த இடத்தில் மேற்கூரை சரியாமல் முட்டுக் கொடுக்கும் வேலை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. பாறையின் அழுத்தம் தாங்காமல் சுவரே வெடித்துச் சிதறுவதை அங்கே ஏர் பிளாஸ்ட் என்பார்கள். வீட்டில் பாத்திரங்கள் அதிர்ந்தால் பெண்கள் எல்லோரும் ஷாஃப்ட் என்ற சுரங்கக் குழியின் வாசலுக்கு ஓடுவோம். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டு மேலே வந்து கதவு திறக்கும்வரை யாரும் பேச மாட்டார்கள்.

அப்பா சொல்லிக் கேட்டதை வைத்துச் சொல்கிறேன். கீழே இறங்குகிறவர்களுக்குள் எழுதாத ஒரு சட்டம் உண்டு. அடிபட்டவனை விட்டுவிட்டு மேலே வரக் கூடாது. அதை யாரும் வீரம் என்று சொல்வதில்லை, அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. நாளை தான் அடிபட்டுக் கிடந்தால் பக்கத்தில் ஒருவன் இருப்பான் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் எவனாலும் அந்தக் கேஜில் காலை வைக்க முடியாது. எனவே அந்தச் சட்டம்தான் சுரங்கத்தையே நடத்துகிறது. நிர்வாகம் போடும் விதிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஹேக்கெட் வாழ்ந்த ஊரிலும் இது இருந்தது என்பதற்குச் சான்று இருக்கிறது. மெக்ஸ்பரோவுக்கும் டெனபிக்கும் பக்கத்திலேயே கேட்பி மெயின் என்ற சுரங்கம் இருந்தது. டெனபி சுரங்கத்தை நடத்திய அதே கம்பெனியுடையது. 1912 ஜூலை 9 அன்று அதிகாலையில் அங்கே வாயு வெடித்து 35 பேர் இறந்தார்கள். செய்தி கேட்டு மீட்புக் குழுவினர் உள்ளே இறங்கினார்கள். அவர்கள் உள்ளே இருக்கும்போதே மறுபடியும் வெடித்தது. அந்த இரண்டாவது வெடிப்பில் இறந்தவர்கள் 53 பேர். முதலில் இறந்தவர்களைவிட மீட்கப் போய் இறந்தவர்களே அதிகம். பின்னால் காயத்தால் இறந்தவர்களையும் சேர்த்தால் 91. அந்த வட்டாரத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஹேக்கெட்டுக்கு, இன்னொருவனைக் காப்பாற்ற உள்ளே நிற்பது என்றால் என்ன, அதற்கு என்ன விலை கொடுக்க நேரலாம் என்பது பிரான்சுக்குப் போவதற்கு முன்பே தெரியும். அடைபட்டவர்களைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருவார்கள் என்பதும் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விருது அறிவிப்பிலேயே, சரியும் மண்ணின் இயல்பை நன்கு அறிந்திருந்தும், தனக்குள்ள வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று தெரிந்திருந்தும், அவர் தன் உயிரைத் தோழருக்காகக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறார்கள். இது மிகச் சரியான வாக்கியம். சுரங்கம் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால், துளை திறந்துதானே இருக்கிறது, இன்னும் சிறிது நேரத்தில் பெரிதாக்கிவிடுவார்கள் என்று நம்பி இருந்திருக்கலாம். அந்த நம்பிக்கை அவருக்கு வாய்க்கவில்லை. தூர் எடுக்கும் கிணற்றில் ஈர மண் ஒரு முறை சரியத் தொடங்கினால், அள்ள அள்ள மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்குமல்லவா, அப்படித்தான் இதுவும். முறிந்த மரத்துக்கு மேல் நிற்கும் களிமண் ஓய்வதில்லை. மரம் முனகும், பொடிமண் உதிரும், பிறகு ஒரேயடியாக இறங்கும். என் அப்பா மரத்தின் முனகலைக் கேட்டே எத்தனை நேரம் இருக்கிறது என்று சொல்வார். ஹேக்கெட்டும் அதைக் கேட்டிருப்பார். கேட்ட பிறகும் காலின்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உங்கள் பெரியப்பாவை நான் மறுக்கவில்லை. அவர் சொல்லும் கடமையும் பெரியதுதான். ஆனால் படையில் எட்டு மாதம்தான் இருந்த ஒருவர், சுரங்கத்தில் 23 ஆண்டுகள் இருந்தவர். அவர் வாயிலிருந்து அந்த நேரத்தில் வந்தது தொழிலின் பெயர். அதை மாற்றிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

மறுமொழி 3
எழுதியவர்: ஆரணி ஆசிரியர்

இதுவரை எழுதியவர்களின் கருத்தை மதித்து, விடுபட்ட ஒரு பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். நூலகத்தில் பேசும்போது இளைஞர்கள் முன்னால் இருப்பார்கள், அவர்களில் சிலர் ஆள்சேர்ப்பு முகாமுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருப்பவர்கள் என்பதால் இதைச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன்.

ஹேக்கெட்டின் மகன் மிக இளம் வயதிலேயே சுரங்க வேலைக்குப் போய், அங்கே நேர்ந்த விபத்தில் ஒரு காலை இழந்தவன். தந்தை போர்முனையில் இருக்கிறார். வீட்டில் கால் இழந்த மகன், சிறு மகள், மனைவி. எழுதத் தெரியாத ஹேக்கெட், தோழர் ஒருவரைக் கொண்டு வீட்டுக்குக் கடிதம் எழுதுவித்தார். இந்த நிலையில் ஜூன் மாதத்தின் அந்த நாட்களில், அவர் முன்னால் இருந்தது ஒரே ஒரு கடமை இல்லை. துளைக்கு இந்தப் பக்கம் காலின்ஸ், அந்தப் பக்கம் ஆலிஸும் பிள்ளைகளும். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வின் பாரத்தை அதற்குப் பிறகு பல ஆண்டுகள் சுமந்தவர் ஆலிஸ். விக்டோரியா கிராஸை அரசர் ஐந்தாம் ஜார்ஜின் கையிலிருந்து வாங்கியவரும் அவர்தான்.

ஹேக்கெட் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அவருடைய செயலை முழுமையாக மதிக்க வேண்டுமானால், அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும் என்கிறேன். தன் உயிரை மட்டும் கொடுத்தார் என்று சொன்னால் அது பாதி உண்மை. நம் பக்கத்துப் பட்டாளத்து ஊர்களிலும் சுரங்கத்துக்குப் போன குடும்பங்களிலும் இதையே நான் காண்கிறேன். போனவரின் படம் சுவரில் மாலையோடு இருக்கிறது. ஓய்வூதியத் தாளுக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, வயல் வேலைக்கும் போன பெண்ணின் கதையை யாரும் மேடையில் சொல்வதில்லை. தங்கவயலில் நுரையீரலில் கல்தூசி படிந்து இறந்தவர்களுக்கு விருதும் இல்லை, அறிவிப்பும் இல்லை; அவர்களுடைய மனைவிமார் குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் திரும்பி வந்து பீடி சுற்றியும் தீப்பெட்டி ஒட்டியும் பிழைத்தார்கள். ஆகையால் உங்கள் பேச்சில் ஆலிஸுக்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

இன்னொரு செய்தி: போர் தொடங்கிய ஓராண்டுக்குள் பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்கள் படையில் சேர்ந்தார்கள். நிலக்கரி இல்லாமல் கப்பலும் ஓடாது, ஆலையும் ஓடாது என்பதால், இவர்களைத் தொடர்ந்து படைக்கு விடலாமா என்று அரசே கவலைப்படும் நிலை வந்தது. இரண்டாம் உலகப் போரில் நிலைமை இன்னும் மோசமாகி, 1943 டிசம்பரிலிருந்து படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களில் ஒரு பகுதியினரைச் சீட்டுக் குலுக்கிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். சுரங்கத்தில் நின்று உழைப்பதும் போர்ப்பணிதான் என்பதை அரசு அப்போது ஒப்புக்கொண்டது. ஹேக்கெட் மேன்வர்ஸ் மெயினிலேயே இருந்திருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

மறுமொழி 4
எழுதியவர்: சாம்பியன் ரீஃப் மகள், குடியாத்தம்

ஆசிரியர் ஐயா சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். என் அம்மாவும் அப்படி வாழ்ந்தவர்தான். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். சுரங்கத் தொழிலாளியின் மனைவிக்கு அந்த எழுதாத சட்டம் தெரியாமல் இருக்காது. ஒருவேளை ஹேக்கெட் வெளியே வந்து, 22 வயதுப் பிள்ளையை உள்ளே விட்டு வந்தேன் என்று சொல்லியிருந்தால், மெக்ஸ்பரோ தெருக்களில் அவரும் ஆலிஸும் எப்படி நடந்திருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கவயலில் அப்படி வந்த ஒருவரை யாரும் திட்டவில்லை. ஆனால் அவரே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஆலிஸ் சம்மதித்திருப்பார் என்று நான் அவருக்காகப் பேசவில்லை. அந்த வீட்டுக்குள்ளும் இதே சட்டம் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மறுமொழி 5
எழுதியவர்: கம்மவான்பேட்டை பேரன்

மூவருக்கும் நன்றி. காலின்ஸ் காலாட்படையிலிருந்து வந்தவர் என்ற செய்தியும் கேட்பி விபத்தும் என் பேச்சின் போக்கையே மாற்றுகின்றன. கேட்பியிலிருந்து தொடங்கி, ஜிவான்ஷிக்கு வந்து, ஆலிஸைப் பற்றிச் சொல்லி முடிக்கலாம் என்று இருக்கிறேன். சிர்ஹிந்த் பிரிகேட் செய்தியைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன்; அதை அவரே மேடையில் சொல்வதாக ஒப்புக்கொண்டார். மூன்றாவது கேள்விக்குக் காட்பாடி ஐயா பதில் தர வேண்டுகிறேன். நம் பக்கத்துச் சாப்பர்களில் ஹேக்கெட்டோடு சேர்த்துச் சொல்லத்தக்கவர் உண்டா என்பதையும் அன்புகூர்ந்து சொல்லுங்கள்.

மறுமொழி 6
எழுதியவர்: ஓய்வுபெற்ற சாப்பர், காட்பாடி

தம்பி, இரண்டாவதை முதலில் சொல்கிறேன். சுபேதார் சுப்பிரமணியன். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவை நடத்திக்கொண்டிருந்தபோது, தம் ஆட்களுக்கு நடுவே ஒரு கண்ணிவெடி தூண்டப்பட்டது. அது வெடிப்பதற்கு இருந்த சில நொடிகளில் அதன் மேல் பாய்ந்து படுத்து, உடலால் அதை மூடி, பக்கத்தில் இருந்தவர்களைக் காப்பாற்றினார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது வழங்கப்பட்டது. அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். அவருக்கு யோசிக்க நொடிகள்தான் இருந்தன. ஹேக்கெட்டுக்கு நேரம் நிறைய இருந்தது. துளை உண்டான பிறகு வெளியேறும் வழியும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. இருவரில் யார் பெரியவர் என்று நான் ஒப்பிட மாட்டேன், நீங்களும் ஒப்பிட வேண்டாம். ஆனால் இருவரையும் அடுத்தடுத்துச் சொன்னால், கேட்பவர்களுக்கு இரண்டும் தனித்தனியாக விளங்கும்.

இனி உடலும் பெயரும். ஹேக்கெட்டும் காலின்ஸும் இன்றும் ஜிவான்ஷி வயலுக்கு அடியிலேயே இருக்கிறார்கள். அவர்களை யாரும் வெளியே எடுக்கவில்லை. அந்த வயல் ஓரத்தில் 2010 ஜூன் 19 அன்று சுரங்கப் படையினருக்கான நினைவுச்சின்னம் ஒன்று திறக்கப்பட்டது. கல்லறை இல்லாததால் ஹேக்கெட்டின் பெயர் பெல்ஜியத்தில் ப்ளூக்ஸ்டீர்ட் நினைவகத்திலும், காலின்ஸின் பெயர் பிரான்சில் தீப்வால் நினைவகத்திலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே குழியில் கிடப்பவர்களின் பெயர்கள் இரண்டு நாடுகளில் இருக்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. படைப்பிரிவை வைத்துப் பெயர்களைப் பிரித்ததால் நேர்ந்தது இது. ஜிவான்ஷி நினைவுச்சின்னம்தான் இருவரையும் ஒன்றாக நினைக்கிறது. விக்டோரியா கிராஸ் பதக்கம் இங்கிலாந்தில் ஜில்லிங்ஹாம் நகரிலுள்ள ராயல் எஞ்சினியர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஜிவான்ஷியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நவ் ஷாப்பெல் என்ற இடத்தில் இந்தியர்களுக்கான நினைவகம் இருக்கிறது. மேற்குப் போர்முனையில் இறந்து, கல்லறை இல்லாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள், தொழிலாளர்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. டிசம்பர் 20 அன்று சிர்ஹிந்த் பிரிகேடில் புதையுண்டவர்களை அங்கேதான் தேட வேண்டும்.

ஆனால் மணிக்கூண்டுக் கல்லில் சொல்லப்படும் நம் ஊர்க்காரர்களைத் தேடுவதென்றால் பிரான்சில் நின்றுவிடக் கூடாது. மதராஸ் மாகாணத்துப் படைப்பிரிவுகள் பெரும்பாலும் மெசபடோமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போயின. மெசபடோமியாவில் இறந்து கல்லறை இல்லாதவர்களுக்கு ஈராக்கின் பாஸ்ரா அருகே நினைவகம் இருக்கிறது. 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது அது. அங்கே பிரிட்டிஷ் வீரர்கள் ஒவ்வொருவரின் பெயரும் கல்லில் இருக்கிறது. இந்தியர்களில் அதிகாரிகள் பெயர் மட்டும் இருக்கிறது. சிப்பாய்களுக்கு அந்தந்தப் படைப்பிரிவின் கீழ் இத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான். லாங் பஜார் கல்லில் நீங்கள் கண்ட அதே முறை அங்கேயும் கையாளப்பட்டிருக்கிறது. எனினும் பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் படைப்பிரிவின் பெயரைக் கொண்டு தேடினால் பெயர், இறந்த நாள், சில பதிவுகளில் தந்தை பெயர், ஊர், மாவட்டம் வரை கிடைக்கும். வட ஆர்க்காடு என்ற மாவட்டப் பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயர்களும் சிதைந்திருக்கும், ஆகவே ஓசையை வைத்துத் தேடுங்கள். பெரியப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பழைய படைப்பிரிவுகளின் எண்கள் பின்னால் எப்படி மாறின என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தேடலில் ஏதேனும் பெயர் கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள், ஆவணத்தைப் படித்து விளக்க என்னால் முடிந்ததைச் செய்கிறேன்.